நான்காம் திருத்தம்

பழைய லேப்டாப் புதன்கிழமை ஹை வோல்டேஜில் செத்தது.
உள்ளே என் சாவி இருந்தது. பிரதி எடுத்து வைக்கவில்லை.
ரிப்பேர்க் கடை சிக்கந்தர்
மதர்போர்டை முகர்ந்து பார்த்துவிட்டு
"அடங்கிப்போச்சு ஆச்சி" என்றார்.

புதியது இன்று வந்தது
செக்காலை ரோட்டு மாடியறைக்கு.
கீழே வாடகைப் பாத்திரக் கடையில்
நாளைக் கல்யாணத்துக்கு அண்டா எண்ணுகிறார்கள்.
இதற்கு என்னைத் தெரியாது.
எந்த சர்வரையும் தெரியாது.

புதிதாய் ஒரு சாவி வெட்டினேன்.
முதல் அழைப்பிலேயே நின்றுவிட்டது:
எதிரே இருப்பது யாரென்று உறுதி இல்லை, தொடரவா?
கைரேகை என்று நாற்பத்து மூன்று எழுத்து.
கோயம்புத்தூரிலிருந்து நீலவேணி போனில் வாசித்தாள்,
பெரிய ஜி, சின்ன எக்ஸ், ஏழு,
நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன்.
ஆமாம் என்பதை ஓரெழுத்தில் தட்டினால் ஏற்கவில்லை,
முழுச் சொல்லாய் எழுதச் சொன்னது.

இசைகுடிமானம் எழுதின அன்று
இத்தனை விசாரணை இல்லை.
இரண்டு அப்பாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.
நான் பக்கத்து அறையில்
புடவை மடிப்புக்குப் பின் தேடிக்கொண்டிருந்தேன்.

ரிமோட் வைப்பது சுலபம்.
இழுக்க ஒரு முகவரி, தள்ள வேறொன்று,
இரண்டுக்கும் பெயர் ஆரிஜின்.
பூர்வீகத்தை ஒரு வரியில் எழுதலாம்,
இன்னொரு வரியில் மாற்றலாம்.
ஆனால் நேராக மெயினுக்குள் போக முடியாது.
யாராக இருந்தாலும் ரிவ்யூ வாசலில்
நிற்கத்தான் வேண்டும்.

அங்கே நின்றிருந்த என் பேட்சை இறக்கினேன்.
மாதக் கடைசி வட்டியை முழுமையாக்கும் நாற்பது வரி.
மூன்று திருத்தம் ஆகியும் மைனஸ் ஒன்று.
தேவசித்தம், தூத்துக்குடி, முகம் பார்த்ததில்லை,
போன மாதம் கேட்டிருந்தார்:
"அந்த ஒரு பைசா எங்கே போகிறது?"
போன இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.
சேர்த்தேன், தள்ளினேன்.

மறுத்தது.
எழுதியவர் முகவரி உங்கள் கணக்கில் இல்லை.
பிறர் பெயரில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை.

பிறர்.

உமையாள் சாத்தப்பன்.
ஆறு வருடம் அவள் எழுதியதெல்லாம் நான் எழுதியது.
மார்ச்சில் கோர்ட் முடிந்தது,
ஏப்ரலில் நீலவேணி கணக்கை மாற்றிக் கொடுத்தாள்,
பேட்ச் மட்டும் பழைய பெயரோடு
வாசலிலேயே நின்றிருக்கிறது.

சீர்ப் பாத்திரங்களைக் கீழ்க்கடையில் போட்டபோது
உருளியில் வெட்டிய எழுத்தைக் கடைக்காரர் தடவிப் பார்த்தார்.
"சுரண்டலாம், தகடு மெலிஞ்சிரும்."
வேண்டாம், அப்படியே வாடகைக்கு விடுங்கள் என்றேன்.
நாளை யார் வீட்டுப் பாயசமோ அதில் கொதிக்கும்
எங்கள் இரண்டு பேர் எழுத்தோடு.

இங்கே அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது,
ரீசெட் ஆதர்.
என்டர் தட்ட ஒரு நொடி போதும்.
எனக்கு ஒரு காப்பி நேரம் ஆயிற்று.

பெயர் மாறியது. தேதி மாறியது.
கமிட் எண் அடையாளமே தெரியவில்லை.
அடியில் ஒரு வரி,
பெரிய ஐயில் தொடங்கி நாற்பது எழுத்து,
அது மட்டும் அப்படியே.
சர்வர் அதைப் பார்த்துச் சொன்னது
இது புது ஆள் இல்லை,
பாதியில் நின்ற அதே பேச்சு,
நான்காம் திருத்தம்.

கோயில் புள்ளிக் கணக்கில் அப்படி ஒரு வரி கிடையாது.
அப்பா புள்ளியில் இருந்து எடுத்தது,
அவர் புள்ளியில் இருந்து விழுந்தது,
இந்த வருடம் நோட்டில் நான் எங்கும் இல்லை.

மணி ஒன்றரை. அண்டாக்கள் வேனில் ஏறிவிட்டன.
தேவசித்தமும் தூங்கவில்லை போலிருக்கிறது.
பெயரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
முப்பத்தோராம் வரியில் குறிப்பு:
"பைசா சரி. பிப்ரவரி இருபத்தொன்பது வந்தால்?"

மறுபடி மைனஸ் ஒன்று.
நான் பிப்ரவரியைத் திறந்தேன்.